ஆடாமல் அசையாமல்

தொண்ணூறுகளின் நடுவில் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஐசியூவுக்குள் வரும் ஒவ்வொருவரின் கேஸ் ஷீட்டிலும் மருந்துகளுக்கு முன்பே ஒரு வரி எழுதப்பட்டிருக்கும்: கம்ப்ளீட் பெட் ரெஸ்ட். பெயர், வயது, தேதி, அடுத்து இது. அந்த வரியை யாரும் யோசித்து எழுதியதாக எனக்கு நினைவில்லை. யாரும் கேள்வி கேட்டதாகவும் நினைவில்லை.

வந்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள். பூச்சிமருந்து குடித்தவர்கள், கட்டுவிரியன் கடித்து இமையைத் தூக்க முடியாமல் போனவர்கள், கில்லன் பாரி நோயில் கைகால் விழுந்தவர்கள், நெடுஞ்சாலையில் அடிபட்டவர்கள். மூச்சு தளர்ந்ததும் வாய்வழியே குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைப்பார்கள். கூடவே தூக்க மருந்து ஏறத் தொடங்கும். பல சமயம் தசைகளை அடியோடு முடக்கிவைக்கும் மருந்தும் ஏறும். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. விழித்திருக்கும் நோயாளி இருமுவார், மெஷினோடு மல்லுக்கட்டுவார், குழாயைப் பிடுங்கப் பார்ப்பார். அசையாமல் கிடந்தால் உடம்பு மிச்சப்படுத்தும் ஆக்சிஜன் முழுவதும் உயிரைக் காக்கப் பயன்படும் என்று மருத்துவ உலகம் நம்பியது. சத்தமில்லாத ஐசியூதான் நல்ல ஐசியூ. ரவுண்ட்ஸ் வரும் டாக்டர், எல்லாக் கட்டிலிலும் எல்லாரும் உறங்குவதைப் பார்த்து நிம்மதியாகத் தலையாட்டிவிட்டுப் போவார்.

என் வேலை தட்டுவது. காலையும் மாலையும் உள்ளே போவேன். உள்ளங்கையைக் குழித்து முதுகிலும் விலாவிலும் தட்டிச் சளியைத் தளர்த்துவேன். சிஸ்டர் சக்ஷன் குழாயை விட்டு அதை உறிஞ்சி எடுப்பார். பிறகு ஒருக்களித்துப் படுக்கவைத்து, கைகால்களை மடக்கி நீட்டிவிட்டு வெளியே வருவேன். உட்கார வைப்பது என்ற பேச்சு, குழாயை எடுத்து, வார்டுக்கு மாற்றி, காய்ச்சல் நின்று, அதற்கும் ஓரிரு நாள் கழித்துத்தான் வரும். அதற்குள் பலருக்கு உட்காரும் தெம்பே போயிருக்கும். ஏர் பிடித்து நாற்று சுமந்து இறுகிய தொடைகள் இரண்டு வாரத்தில் தோல் தொங்கிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டாருக்கும் இதில் மனக்குறை இருந்ததில்லை. "ஆடாம அசையாம படுத்திருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்கள். நம் வீடுகளில் அன்பைக் காட்டும் முதல் வழி பாய் விரிப்பதுதான். காய்ச்சல் என்றாலும் பிள்ளைப்பேறு என்றாலும் ஆபரேஷன் என்றாலும் படு, படு, படு. கண்புரை ஆபரேஷன் முடிந்ததும் தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்துத் திரும்பவிடாமல் செய்த காலத்தை என் அம்மாச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இன்று நான் வேலை செய்யும் ஐசியூவில் விடியற்காலை ஷிஃப்ட் மாறியதும் முதல் காரியம் தூக்க மருந்தை நிறுத்திப் பார்ப்பது. "ஐயா, கண்ணைத் திறங்க. என் கையை அழுத்துங்க. நாக்கை நீட்டுங்க." மூன்றையும் செய்துவிட்டால், தொண்டையில் குழாய் இருந்தாலும் அவரைக் கட்டிலின் ஓரத்தில் கால் தொங்க உட்கார வைப்போம். முடிந்தால் நிற்க வைப்போம். இன்னும் முடிந்தால் நான்கைந்து எட்டு வைத்து நாற்காலிக்கு. ஒரே தொழில், அதே நோய்கள், அதே சிலிண்டர் காற்று. உத்தரவு மட்டும் தலைகீழாகிவிட்டது. அப்படி ஆனதற்குக் காரணம் நுரையீரலுக்குள்ளேயே இருக்கிறது.

நின்றுகொண்டிருக்கும் ஒருவர் சாதாரணமாக மூச்சை வெளியே விட்டு முடித்த பிறகும் நுரையீரலில் இரண்டரை, மூன்று லிட்டர் காற்று தங்கியிருக்கும். காற்றுச் சிற்றறைகளைத் திறந்தே வைத்திருப்பது அந்த மிச்சக் காற்றுதான். மல்லாந்து படுத்ததும் குடலும் ஈரலும் உதரவிதானம் என்ற மூச்சுத்தசையை மேலே தள்ளும். மிச்சக் காற்றில் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குறைந்துவிடும். தூக்க மருந்தில் தசைகள் தளர்ந்தால் இன்னும் ஏறக்குறைய அரை லிட்டர் போகும். இதயம் தன் எடையை இடது நுரையீரலின் கீழ்மடல் மேல் இறக்கும். ஏற்கெனவே நீர் கோத்துக் கனத்த நுரையீரல் என்றால், நெல் மூட்டைகளை அடுக்கினால் அடி மூட்டை நசுங்குவது போல முதுகுப் பக்கத்துச் சிற்றறைகள் நசுங்கி மூடிக்கொள்ளும்.

ரத்தமோ தன் கனத்தால் முதுகுப் பக்கம்தான் அதிகம் ஓடும். காற்று மார்புப் பக்கம், ரத்தம் முதுகுப் பக்கம். மூடிய அறைகளைச் சுற்றிப் போகும் ரத்தம் ஆக்சிஜன் ஏறாமலேயே இதயத்துக்குத் திரும்பும். மெஷின் எவ்வளவு அழுத்தித் தள்ளினாலும் காற்று எளிதாகப் போகும் வழியில்தான் போகும். ஏற்கெனவே திறந்திருக்கும் முன்பக்கத்து அறைகள் இன்னும் உப்பும். சளி பின்பக்கம் தேங்கும், கிருமி அங்கே குடியேறும். மூன்றாம் நாள் எக்ஸ்ரேயில் இதயத்துக்குப் பின்னால் இடது அடிப்பக்கம் வெளுத்துத் தெரிவது அந்தக் காலத்தில் எங்களுக்குப் பழகிப்போன காட்சி. ஆக்சிஜன் இறங்கும். இறங்கினால் நோயாளி தவிப்பார். தவித்தால் தூக்க மருந்தைக் கூட்டுவார்கள். கூட்டினால் மிச்சக் காற்று இன்னும் குறையும். நுரையீரலுக்கு ஓய்வு என்ற பெயரில் நடந்தது இது.

ஒரு மாற்றத்தை மட்டும் எல்லா இடத்திலும் சீக்கிரம் ஏற்றுக்கொண்டார்கள். 1999இல் பார்சிலோனா மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், வென்டிலேட்டரில் இருப்பவர்களின் தலைப்பக்கத்தை 45 டிகிரி உயர்த்தி வைத்தபோது நிமோனியா வெகுவாகக் குறைந்தது. கட்டிலின் கைப்பிடியைச் சுற்றினால் போதும் என்பதால் யாருக்கும் தடை சொல்ல மனம் வரவில்லை. ஆளைக் கட்டிலை விட்டே இறக்குவது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை.

உதரவிதானத்தைப் பற்றி எங்களுக்குத் தெரியவந்தது அதற்குப் பல வருடம் கழித்து. 2008இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. மூளைச்சாவு அடைந்து உறுப்பு தானம் செய்த 14 பேரின் உதரவிதானத் தசையை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 18 மணி நேரம் முதல் 69 மணி நேரம் வரை அவர்களுக்காக வென்டிலேட்டரே முழுக்க மூச்சு விட்டிருந்தது. வேறு ஆபரேஷனுக்காகச் சில மணி நேரமே மெஷினில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், இவர்களின் தசைநார்கள் பாதிக்கும் மேல் மெலிந்திருந்தன. ஒருவகை நார் 57 சதவீதம், இன்னொரு வகை 53. மூன்று நாள்கூட இல்லை. பிறந்ததிலிருந்து ஒரு நிமிடம்கூட நிற்காமல் உழைத்த தசை, வேலையைப் பிடுங்கிக்கொண்டதும் அந்த வேகத்தில் கரைகிறது. குழாயை எடுக்கப் பார்த்துப் பார்த்துத் தோற்றுப்போன அந்தக் காலத்து நோயாளிகள் ஒவ்வொருவராக எனக்கு நினைவுக்கு வந்தார்கள். நுரையீரல் சரியாகிவிட்டது, எக்ஸ்ரே சுத்தம், ஏன் மூச்சு மட்டும் நிலைக்க மாட்டேன் என்கிறது என்று அன்று எல்லாரும் குழம்பி நின்றோம். காற்றை உள்ளே இழுக்க வேண்டிய தசையில் தெம்பு இல்லை.

கால் தசையின் கதையும் அதேதான். லண்டனில் 63 ஐசியூ நோயாளிகளின் தொடைத் தசையை அல்ட்ராசவுண்டில் அளந்து பார்த்தார்கள். பத்தாம் நாளில் ஏறக்குறைய 18 சதவீதம் சுருங்கியிருந்தது. 2013இல் அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. என் கைகளுக்கு அது முன்பே தெரியும்.

நுரையீரலுக்குப் படுக்கைதான் மருந்து என்ற எண்ணத்தை முறையாகச் சோதித்து, இல்லை என்று உலகத்துக்குச் சொன்னதே நம் சென்னைதான். இதை என் தொழிலில் இருப்பவர்களே பலர் அறியாமல் இருப்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சவுரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் ஒரு ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் வந்தது. என் பெரியப்பா ஐம்பதுகளின் தொடக்கத்தில் அங்கே மாதக்கணக்கில் படுத்திருந்தவர். காற்றோட்டமான வராந்தா, பால், முட்டை, பேச்சைக்கூடக் குறைத்த ஓய்வு. இடம் கிடைப்பதே பெரும்பாடு, கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை மாநில அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து சென்னையில் ஓர் ஆய்வு மையம் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதை வழிநடத்தினார். நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேர். குலுக்கல் முறையில் ஒரு பாதிப் பேரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறு பாதிப் பேர் நெரிசலான தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இரு சாராருக்கும் ஒரு வருடம் அதே மாத்திரைகள். வீட்டில் இருந்தவர்கள் சாப்பிட்டது குறைவு, உழைத்தது அதிகம், ஓய்வு மிகவும் சொற்பம். 1959இல் முடிவு வந்தபோது இரு சாராரும் ஏறக்குறைய ஒரேபோலக் குணமாகியிருந்தார்கள். மருந்துதான் வேலை செய்தது. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடத் தொடங்கியதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு பெரிய காரணம்.

காசநோயும் வென்டிலேட்டரும் ஒன்றல்ல, அது எனக்குத் தெரியும். ஆனால் ஓய்வு தானாகவே நுரையீரலுக்கு நல்லது செய்துவிடும் என்ற எண்ணத்தைச் சந்தேகிக்க அந்த ஆய்வு போதுமான காரணம் கொடுத்திருந்தது. அதே மாநிலத்தில், ஏறக்குறைய நாற்பது வருடம் கழித்து, ஐசியூ கேஸ் ஷீட்டுகளில் கம்ப்ளீட் பெட் ரெஸ்ட் தொடர்ந்து எழுதப்பட்டது.

இன்னொரு விஷயமும் உண்டு. ஐசியூ பிறந்த கதையிலேயே நோயாளிகள் விழித்திருந்தார்கள். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ கொள்ளைநோயாகப் பரவியது. மூச்சுத்தசை விழுந்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன், ஆகஸ்ட் மாதம் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுத்துப் பிழைக்கவைத்தார். மற்றவர்களுக்கும் அப்படியே செய்ய மெஷின் ஏது? சுமார் 1500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இரவு பகலாகப் பையை அழுத்தினார்கள். பிள்ளைகளில் பலர் கண் விழித்திருந்தார்கள். மாணவர்கள் அவர்களுக்குப் புத்தகம் படித்துக் காட்டினார்கள், முகத்தைப் பார்த்து மூச்சின் அளவைக் கூட்டிக் குறைத்தார்கள். பிறகு மெஷின்கள் வந்தன. ஒரு மனிதரின் கை விலகியது. மெஷினின் தாளத்துக்கு உடம்பைப் பணியவைக்கத் தூக்க மருந்து வந்தது. அதிலிருந்து மீண்டு வர மருத்துவத்துக்கு ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆயிற்று.

மீட்சி சின்னச் சின்னதாகத்தான் வந்தது. 2000இல் சிகாகோவில் தினமும் காலையில் தூக்க மருந்தை நிறுத்தி நோயாளியை எழுப்பிப் பார்த்தார்கள். வென்டிலேட்டரில் இருக்கும் காலம் ஏழு நாளுக்கு மேல் இருந்தது ஐந்து நாளுக்குக் கீழே இறங்கியது. 2007இல் சால்ட் லேக் சிட்டியிலிருந்து பாலி பெய்லி என்ற நர்ஸின் தலைமையில் ஒரு கட்டுரை வந்தது. சுவாசம் செயலிழந்து ஐசியூவில் இருந்த 103 பேரை 1449 முறை உட்கார வைத்தும் நாற்காலிக்கு மாற்றியும் நடக்கவைத்தும் இருந்தார்கள். அதில் தொண்டைக்குழாயோடு நடந்தவர்களும் உண்டு. அசம்பாவிதம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஒருவருக்குக்கூடக் குழாய் கழன்று வரவில்லை. அதை ஒரு நர்ஸ் எழுதினார் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம். கட்டில் ஓரத்தில் நிற்பவர்களுக்குத்தான் அது முதலில் கண்ணில் படும்.

2009இல் சிகாகோக்காரர்களும் அயோவாக்காரர்களும் சேர்ந்து 104 பேரிடம் செய்த சோதனை எங்கள் தொழிலின் பேச்சையே மாற்றியது. இரு சாராரையும் தினமும் எழுப்பினார்கள். ஒரு சாராருக்கு மட்டும் குழாய் போட்ட ஒன்றரை நாளிலேயே உடற்பயிற்சி தொடங்கியது. மற்றவர்களுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் நிலையில் வீடு திரும்பியவர்கள் முதல் சாராரில் 59 சதவீதம், அடுத்ததில் 35. மெஷின் இல்லாமல் மூச்சு விட்ட நாட்களும் அவர்களுக்குக் கூடுதல். சித்தம் கலங்கிக் கிடந்த நாட்கள் பாதியாயின.

எங்கள் பக்கம் அது வந்து சேர, வெளியூரில் பயிற்சி பெற்ற இளம் ஐசியூ டாக்டர் ஒருவர் தேவைப்பட்டார். முதலில் உட்கார வைத்தவர் பூச்சிமருந்தில் வந்த ஒரு விவசாயக் கூலி. அந்த விஷம் சில நாள் கழித்துக் கழுத்துத் தசையையும் மூச்சுத்தசையையும் தளரச் செய்துவிடும். ஆள் விழிப்பாகவே இருப்பார், மூச்சு மட்டும் வராது. சிஸ்டர் தொண்டைக்குழாயை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையால் மெஷினின் ட்யூபைப் பிடித்தார். வார்டு அண்ணன் பின்னால் முட்டுக்கொடுத்தார். நான் எதிரே முழங்கால் போட்டு அவர் பாதங்களைத் தரையில் பதித்துப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் மானிட்டரை விட்டுக் கண் எடுக்கவில்லை. நோயாளியின் அம்மா வாசலிலேயே நின்று அழுதார்.

"ஏம்மா, மூச்சே மெஷினுதான் விடுது. இவனப் போயி உக்கார வைக்கிறீங்களே, உசுரு தாங்குமா?"

"உக்காந்தாத்தாம்மா மூச்சுப் பை கீழ வரைக்கும் விரியும். ஒரு நிமிஷம் பாருங்க."

அந்த ஒரு நிமிடத்தில் நாங்கள் எல்லாரும் பார்த்தோம். குடல் கீழே இறங்க, உதரவிதானத்துக்கு இடம் கிடைத்தது. மெஷின் திரையில் அவர் தானாக இழுத்த ஒவ்வொரு மூச்சின் அளவும் கூடியது. அடியில் தேங்கிக் கிடந்த சளி நகர்ந்து, அவர் இருமினார். நாள்கணக்கில் நான் தட்டியும் மேலே வராத சளி. தலை தொங்கிவிடாமல் அம்மாவை வந்து பிடிக்கச் சொன்னோம். அவர் பிடித்த பிடியில் மகன் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்.

எல்லாரையும் எப்போதும் எழுப்பிவிட வேண்டும் என்று யாரும் இதைப் படித்துவிடக் கூடாது. வல்லுநர்கள் 2014இல் கூடி வகுத்த பச்சை, மஞ்சள், சிவப்பு விதிகளை எங்கள் ஐசியூ சுவரில் ஒட்டியிருக்கிறோம். கொடுக்கும் ஆக்சிஜன் 60 சதவீதத்துக்குள், ரத்தத்தில் ஆக்சிஜன் 90க்குக் குறையாமல், மூச்சு எண்ணிக்கை நிமிடத்துக்கு 30க்குள் இருந்தால் பச்சை. ரத்த அழுத்த மருந்து அதிகமாக ஓடினால் சிவப்பு. நுரையீரல் மிக மோசமாகப் பழுதான சிலருக்கு முதல் நாட்களில் ஆழ்ந்த தூக்கமும் குப்புறப் படுக்கையும்தான் சிகிச்சை. 2013இல் பிரெஞ்சு மருத்துவர்கள் தலைமையேற்று வெளியிட்ட சோதனையில் அப்படிக் குப்புறக் கிடத்தியவர்களில் ஒரு மாதத்துக்குள் இறந்தவர்கள் 16 சதவீதம், மல்லாந்தே கிடந்தவர்களில் ஏறக்குறைய 33. நசுங்கிய முதுகுப் பக்கத்தைத் திறப்பதுதான் அங்கேயும் நடப்பது. கழுத்தில் தண்டுவடம் அடிபட்டவரின் கதை இன்னும் வேறு. அவருக்கு வயிற்றுத் தசை தளர்ந்திருப்பதால் உட்கார்ந்தால் மூச்சு குறையும், படுத்தால் கூடும். வயிற்றில் பெல்ட் கட்டித்தான் உட்கார வைப்போம்.

2022இல் ஆஸ்திரேலியர்கள் முன்னின்று 750 பேரிடம் நடத்திய பெரிய சோதனையும் எங்களை நிதானிக்கவைத்தது. ஒரு சாராருக்கு வழக்கமான அளவு, தினமும் சராசரியாக ஒன்பது நிமிடம் அசைவு. இன்னொரு சாராருக்கு முடிந்த உச்சம், 21 நிமிடம். ஆறு மாதத்தில் உயிரோடு மருத்துவமனைக்கு வெளியே இருந்த நாட்களில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதிகம் அசைத்தவர்களிடம் இதயத் துடிப்பு தாறுமாறாவது, ரத்த அழுத்தம் மாறுவது, ஆக்சிஜன் இறங்குவது போன்ற கோளாறுகள் 9 சதவீதம், மற்றவர்களிடம் 4. இதைக் காட்டி, பார்த்தீர்களா, படுக்கையே போதும் என்றார்கள் சிலர். அப்படி அந்த ஆய்வு சொல்லவில்லை. அதில் யாருமே ஆடாமல் அசையாமல் கிடக்கவில்லை. இரு சாராரும் எழுந்தார்கள். அளவைத் தாண்டி விரட்டினால் கூடுதல் பலன் இல்லை என்பதுதான் செய்தி. வென்டிலேட்டரோடு நடக்கவைத்து போட்டோ எடுத்து விளம்பரம் செய்யும் மருத்துவமனைகள் அதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

நுரையீரல் எவ்வளவு தேறுகிறது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. டொரண்டோவில் மார்கரெட் ஹெரிட்ஜ் என்ற மருத்துவர், கடும் நுரையீரல் செயலிழப்பிலிருந்து பிழைத்த 109 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்து 2003இல் எழுதினார். ஆறு மாதத்தில் ஊதிப் பார்க்கும் சோதனையில் அவர்களின் நுரையீரல் கொள்ளளவு பெரும்பாலும் இயல்புக்குத் திரும்பியிருந்தது. ஆனால் ஒரு வருடம் ஆகியும் ஆறு நிமிட நடையில் அவர்கள் கடந்த தூரம், அந்த வயதினர் கடக்க வேண்டியதில் மூன்றில் இரண்டு பங்குதான். தடுத்தது தசை. மூச்சு வாங்குகிறது என்று வருகிறவர் நெஞ்சைக் காட்டுகிறார். மீண்டும் ஸ்கேன் எடுக்கிறோம், மீண்டும் மருந்து மாற்றுகிறோம். கோளாறு பாதி தொடையில் இருக்கிறது. கட்டில் ஓரத்தில் முதல் வாரம் உட்கார்ந்த அந்தச் சில நிமிடங்கள் காப்பது காற்றறைகளை மட்டுமல்ல, பின்னால் வரப்போகும் மாடிப்படிகளையும்.

வெளிநோயாளிகள் கையில் கொடுத்தனுப்பும் மூன்று பந்துக் கருவியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பலர் அதை ஊதுகிறார்கள். அது உறிஞ்ச வேண்டியது. சரியாக உறிஞ்சினாலும், வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு நுரையீரல் சிக்கலை அது தனியாகத் தடுக்கிறது என்பதற்கு ஆய்வுகளில் வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. எழுந்து வராந்தாவில் நடப்பதற்கு அது மாற்றாகாது.

கொரோனா எங்களை மறுபடி தொண்ணூறுகளுக்கே தள்ளியது. 2021 மே மாதம் கழிவறை வரை நடந்தாலே சிலருக்கு ஆக்சிஜன் எழுபதுகளுக்கு இறங்கியது. எழுந்திருக்காதீர்கள் என்று சொல்வதைத் தவிர வழியில்லாமல் போனது. அப்போது அது சரியான உத்தரவுதான். ஆனால் கவச உடையும் ஆள் பற்றாக்குறையும் சேர்ந்து, தேறத் தொடங்கியவர்களையும் வாரக்கணக்கில் கட்டிலிலேயே வைத்திருந்தன. அலை ஓய்ந்த பிறகும் சில பழக்கங்கள் போகவில்லை. அதில் மிக மோசமானது, சொந்தக்காரர்களை வெளியே நிறுத்துவது.

என் மனதை அரிக்கும் மாற்றம் இதுதான். தொண்ணூறுகளில் பெரிய ஆஸ்பத்திரிகளின் பொது வார்டில் வசதி எதுவும் இருக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு மனைவியோ அம்மாவோ தம்பியோ இருந்தார்கள். மூச்சுத் திணறினால் நோயாளியைத் தூக்கித் தன் நெஞ்சில் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டார்கள். முதுகைத் தட்டினார்கள், வெந்நீர் கொடுத்து இருமச் சொன்னார்கள். கழிவறைக்குத் தோளில் சாய்த்து நடத்திக் கூட்டிப்போனார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இன்று எங்களிடம் நாற்காலியாக மாறும் கட்டில் இருக்கிறது, கையடக்க வென்டிலேட்டர் இருக்கிறது, சுவரில் மூவண்ண விதி இருக்கிறது. அந்த மனைவி கண்ணாடிக் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மாலை பார்வை நேரத்துக்குக் காத்திருக்கிறார். உள்ளே ஒரு நர்ஸுக்கு மூன்று நோயாளிகள் என்றால், ஒருவரைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைக்க மூன்று பேர் எங்கிருந்து வருவார்கள்? தூக்க மருந்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தால் வார்டு சமாளித்துவிடும். அறியாமையால் படுக்கவைத்தோம் அன்று. ஆளில்லாமல் படுக்கவைக்கிறோம் இன்று.

அதனால் நான் போகும் இடமெல்லாம் இதைத்தான் கேட்கிறேன். ஐசியூவுக்கு இன்னொரு மெஷின் வாங்கும் முன் இன்னொரு நர்ஸைப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பிசியோ வரட்டும். உதரவிதானத்துக்கு வார விடுமுறை தெரியாது. கை கழுவி, முகக்கவசம் போட்ட ஒரு சொந்தக்காரரைக் காலையில் அரை மணி நேரம் உள்ளே விடுங்கள். சித்தம் கலங்கிக் கையைக் காலை உதறுகிறவர், பெண்டாட்டி பேர் சொல்லிக் கூப்பிட்டதும் அடங்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அப்படி அடங்கினால்தான் தூக்க மருந்தைக் குறைக்க முடியும். குறைத்தால்தான் எழுப்ப முடியும்.

சென்ற மாதம் நிமோனியாவில் பத்து நாளுக்கு மேல் வென்டிலேட்டரில் இருந்த ஒரு லாரி டிரைவர் வீட்டுக்குக் கிளம்பினார். அவர் மனைவியை மூன்றாம் நாளிலிருந்தே உள்ளே விட டாக்டர் சம்மதித்திருந்தார். முட்டுக்கொடுக்கவும், காலைப் பதிக்கவும், மூச்சை எண்ணவும் அந்தப் பெண் எங்களைவிட நன்றாகக் கற்றுக்கொண்டார். டிஸ்சார்ஜ் அன்று மாமியார் வந்து, "இனிமே மூணு மாசம் கட்டில விட்டு எறக்கக் கூடாது, தெரியுதா" என்றார். மருமகள் பதில் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார்.

"அம்மா, பகல்ல படுக்க விடாதீங்க. நாற்காலியில உக்காரட்டும், சாப்பாடும் உக்காந்தே. காலையும் சாயங்காலமும் வாசல்வரைக்கும் நடக்கட்டும், ரெண்டு நாளைக்கொரு தடவ கொஞ்சம் தூரத்தக் கூட்டுங்க. நடக்கிறப்ப பேச முடியணும், அதான் கணக்கு. பேச முடியலன்னா நின்னுடணும்."

அரசாங்கம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வருவார்கள் என்று சொல்லி, அவர்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். முதல் நாள் இருந்த மூச்சின் அளவு, தொடையின் சுற்றளவு, ஆறு நிமிடத்தில் நடந்த தூரம் மூன்றையும் அதில் குறித்திருக்கிறேன். அங்கே பார்க்கப்போகிறவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரிய வேண்டும். ஒரு மாதம் கழித்து அவர் மறுபரிசோதனைக்கு வரும்போது எக்ஸ்ரே அறைக்கு அனுப்புவதற்கு முன் அவரை மறுபடி ஆறு நிமிடம் நடக்கவைக்கப் போகிறேன்.